பாய்காட் என்றொரு ஆள் இருந்தார்

தமிழில் பேசும்போது யோசிக்காமலே நாம் கலந்து பேசுகிற ஆங்கில வினைச்சொற்களில் ‘பாய்காட்’டும் ஒன்று. படத்தை பாய்காட் பண்ணணும் என்கிறார்கள். தேர்தலை பாய்காட் பண்றோம் என்று ஊர் முகப்பில் கறுப்புக்கொடி கட்டுகிறார்கள். வக்கீல்கள் கோர்ட்டை பாய்காட் பண்ணுகிறார்கள். மாமா வீட்டுக் கல்யாணத்தை ஒரு சித்தப்பா பாய்காட் பண்ணுகிறார். கேட்கிறவர் யாருக்கும் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 1880-ஆம் வருஷத்து வசந்தகாலத்தில் லண்டனில் போய் இந்த வினைச்சொல்லைச் சொல்லியிருந்தால், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் வருவதற்குள் நாடு முழுக்க அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லின் பிறந்த ஊர், பிறந்த மாசம், பேர் வைத்தவர் என்று எல்லாமே தெரிவது மொழி வரலாற்றில் ரொம்ப அபூர்வம். அதனால்தான் இந்தக் குறிப்பு. சொல்லின் கதையைத் தேடிப் போனால், அது நம்மூர்ப் பழைய வழக்கம் ஒன்றின் வாசலில் கொண்டுவந்து விடுகிறது. அதையும் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பொருள்

ஒரு ஆளோடோ, கடையோடோ, நாட்டோடோ, நிகழ்ச்சியோடோ எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று பலர் சேர்ந்து முடிவெடுத்து விலகி நிற்பதுதான் பாய்காட். இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, பலர் சேர்ந்து செய்வது. நான் ஒருத்தன் மட்டும் ஒரு கடைக்குப் போகாமல் இருந்தால் அதற்குப் பேர் பாய்காட் இல்லை, எனக்கு அந்தக் கடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு, எதையும் செய்யாமல் இருப்பதே இங்கே செயல். அடிக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், சும்மா விலகினால் போதும். மூன்று, ஒரு நோக்கம். எதிராளியைத் தண்டிப்பதோ, வழிக்குக் கொண்டுவருவதோ.

‘பேன்’ என்பது வேறு. தடை போட அதிகாரம் வேண்டும். அரசாங்கம் ஒரு புத்தகத்தைத் தடை செய்யும், மக்கள் அதை பாய்காட் செய்வார்கள். ‘ஸ்ட்ரைக்’கும் வேறு. அது வேலை செய்கிறவன் வேலையை நிறுத்துவது. பாய்காட்டுக்கு வேலைக்காரனாக இருக்கணும் என்றில்லை, வாடிக்கையாளராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தாலும் போதும்.

இலக்கணமாகப் பார்த்தால் இது செயப்படுபொருள் குன்றாத வினை. யாரை, எதை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஆரம்பத்தில் ‘யாரை’ என்பதற்குத்தான் பதில் இருந்தது. ‘எதை’ பிறகு வந்தது. இந்த வித்தியாசம் முக்கியம், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேயோ மாவட்டத்து ஏஜெண்ட்

சார்ல்ஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். குடும்பப் பேர் முதலில் ‘பாய்கேட்’ என்று இருந்தது. அவர் சிறுவனாக இருக்கும்போதுதான் ஒரு எழுத்தை மாற்றி ‘பாய்காட்’ ஆக்கினார்கள். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார், பிறகு அயர்லாந்திலேயே தங்கிவிட்டார். 1870-களில் மேற்கு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் என்ற ஏரிக்கரையில் வீடும் நிலமும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். கூடவே எர்ன் பிரபு என்ற நிலப்பிரபுவுக்கு அந்தப் பகுதியில் ஏஜெண்ட். நம்மூர் ஜமீன்களில் காரியஸ்தர் இருப்பாரே, அந்த மாதிரி. குத்தகை வசூலிப்பது, கொடுக்காதவனுக்கு நோட்டீஸ் அனுப்புவது, காலி பண்ண வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தக் கால அயர்லாந்தில் உழுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. நிலப்பிரபுக்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். குத்தகையை ஏற்றினால் கேட்க முடியாது, வெளியே போ என்றால் போகணும். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறிப் போனார்கள். அந்த நினைவு ஆறாத தலைமுறைக்கு 1879-இல் மறுபடியும் மழை கெடுத்து, விளைச்சல் போனது.

அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி டப்ளினில் ‘நிலச் சங்கம்’ ஆரம்பித்தார்கள். மூளையாக இருந்தவர் மைக்கேல் டாவிட். மேயோ மாவட்டத்துக்காரர். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே குடும்பத்தைக் குத்தகை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். பிழைக்கப் போன இங்கிலாந்தில், பஞ்சாலை இயந்திரத்தில் மாட்டி 11 வயசில் வலது கையை இழந்தவர். தலைவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல். அவரே ஒரு நிலப்பிரபு. கேட்டது மூன்று விஷயம்: நியாயமான குத்தகை, குத்தகை கொடுக்கும்வரை நிலத்தைப் பிடுங்கக் கூடாது, தன் குத்தகை உரிமையை விற்கிற சுதந்திரம்.

1880 செப்டம்பர் 19-ஆம் தேதி என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒருத்தனைக் காலி பண்ண வைத்த நிலத்தை, இன்னொரு குடியானவன் போய்க் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டார். சுட்டுத் தள்ளணும் என்று சத்தம் வந்தது. அதைவிடக் கிறிஸ்தவ முறையான வழி ஒன்று இருக்கிறது என்றார் அவர். ரோட்டில் பார்த்தால் பேசாதீர்கள், கடையில் பக்கத்தில் நிற்காதீர்கள், சந்தையில், கோயிலில், எங்கேயும் சேர்க்காதீர்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கின மாதிரி ஒதுக்குங்கள் என்பது அதன் சாரம்.

கவனியுங்கள், பார்னெல் சொன்னது நிலப்பிரபுவைப் பற்றி இல்லை. சக குடியானவனைப் பற்றி. ஆனால் மூன்றே நாளில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் பாய்ந்தது ஒரு ஏஜெண்ட் மேல்.

எல்லாரும் விலகினார்கள்

விளைச்சல் மோசம் என்பதால் எர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தந்திருந்தார். குடியானவர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். மறுத்துவிட்டார். செப்டம்பர் 22-ஆம் தேதி, பணம் கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் சார்வு செய்ய நீதிமன்ற ஆள் ஒருவர் போலீஸ் காவலோடு புறப்பட்டார். மூன்று வீட்டுக்குக் கொடுத்திருப்பார், அதற்குள் ஊர்ப் பெண்கள் திரண்டு வந்து சேறும் சாணியும் கல்லும் எறிந்து விரட்டிவிட்டார்கள். போலீஸும் நோட்டீஸ்காரரும் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

மறுநாள் பக்கத்து ஊர் பாலின்ரோப்பிலிருந்து கூட்டம் வந்தது. பாய்காட் வீட்டில், பண்ணையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். கொல்லர் லாடம் அடிக்க மாட்டேன் என்றார். துணி துவைக்கிற பெண் வரவில்லை. தபால் கொண்டுவருகிறவரை நிறுத்தினார்கள். பாய்காட்டின் உறவுக்காரப் பையன் ஒருவன் தானே தபால் எடுத்துவரப் போனபோது வழிமறித்து எச்சரித்தார்கள். பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தரவில்லை, ஏரியின் அக்கரையிலிருந்து படகில் சாப்பாட்டுச் சாமான் வரவழைக்க வேண்டியிருந்தது. வயலில் கிழங்கும் டர்னிப்பும் தானியமும் அப்படியே நின்றன.

இதில் எல்லாமே மனசார நடந்தது என்று சொல்ல முடியாது. வேலையை விடு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று கொல்லருக்குக் கடிதம் வந்ததாக பாய்காட்டே எழுதியிருக்கிறார். அதே செப்டம்பர் 25-ஆம் தேதி, பக்கத்திலேயே மவுன்ட்மாரிஸ் பிரபு என்ற நிலப்பிரபுவைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த மிரட்டலுக்கு வெறும் காகித மதிப்பு மட்டும் இருந்திருக்காது.

அக்டோபர் 18-ஆம் தேதி பாய்காட்டின் கடிதம் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் வந்தது. அதோடு விஷயம் உலகச் செய்தி ஆனது. ஆதரவாளர்கள் நிதி திரட்டினார்கள். கேவன், மொனஹன் மாவட்டங்களிலிருந்து 50 பேர், எல்லாரும் ஆரஞ்சு அமைப்பைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுகள், அறுவடை செய்ய முன்வந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீஸும். நவம்பர் மழையில், பாய்காட் வீட்டைச் சுற்றிக் கூடாரம் போட்டு, துப்பாக்கிக் காவலில் கிழங்கு தோண்டினார்கள். ஊர்க்காரர்கள் கை வைக்கவில்லை. சண்டைக்கு யாரும் வரவில்லை என்பதே ராணுவத்துக்குப் பெரிய தர்மசங்கடம்.

அறுவடை செய்த விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதற்கு ஆன செலவு குறைந்தது 10,000 பவுண்டு. தோண்டின ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கிண்டலடித்தார். நவம்பர் 27-ஆம் தேதி பாய்காட் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியது. வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போனார்கள். டப்ளினில் தங்கின ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

பேர் வைத்தவர்

இப்போது சொல்லுக்கு வருவோம். நிலப் போராட்டத்தைப் பற்றி எழுத அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகையாளர் வந்திருந்தார். அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜான் ஓ’மாலி, குடியானவர்களின் உள்ளூர்த் தலைவர். ரெட்பாத் பிறகு எழுதிவைத்தபடி, இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரெட்பாத் யோசனையில் இருந்தாராம். என்ன என்று கேட்க, ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றாராம். நிலப்பிரபுவையோ ஏஜெண்டையோ ஊரே ஒதுக்குவதற்கு ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்று எழுதலாம், ஆனால் குடியானவர்களுக்கு அது புரியாதே என்று கவலை. பாதிரியார் நெற்றியைத் தட்டி யோசித்து, ‘அவனை பாய்காட் செய்’ என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாராம்.

அந்த ‘ஆஸ்ட்ரசைஸ்’ நல்ல பழைய சொல்தான். ஏதென்ஸ் நகரத்தில் மக்கள் பானை ஓட்டுச்சில்லில் ஒருத்தர் பேரைக் கீறி வாக்களித்து, அவரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்புவார்கள். ஓட்டுச்சில்லுக்கு கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகான்’. அதிலிருந்து வந்தது. ஆனால் மேயோ குடியானவனுக்கு ஏதென்ஸ் தெரியாது. பாய்காட்டைத் தெரியும். இந்தச் சொல் நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புரியாத கருத்துக்குப் புரிகிற முகம் ஒன்று கிடைத்தது.

நவம்பரிலேயே லண்டன் ‘டைம்ஸ்’ இந்த வினைச்சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதிவிட்டது. சீக்கிரமே மேற்கோள் குறி உதிர்ந்தது, முதலெழுத்தும் சின்ன எழுத்தானது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன் என்று போய் ஜப்பானிய மொழிவரை அதே ஒலியோடு உட்கார்ந்துவிட்டது.

இங்கே இலக்கண விஷயம் ஒன்றைச் சொல்லணும். ஆள் பேரிலிருந்து வந்த வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை லூயி பாஸ்டர் பேரில். மனசை மயக்குவது டாக்டர் மெஸ்மர் பேரில். புத்தகத்தில் ‘அசிங்கமான’ இடங்களை வெட்டுவது, ஷேக்ஸ்பியரைக் குடும்பப் பதிப்பாக வெட்டின தாமஸ் பௌட்லர் பேரில். இதிலெல்லாம் பேருக்குரியவர்தான் எழுவாய், அவர் செய்த வேலைக்கு அவர் பேர். பாய்காட் விஷயத்தில் அவர் எதையும் செய்யவில்லை, அவருக்குச் செய்தார்கள். அவர் செயப்படுபொருள். இந்த வகை ரொம்பக் குறைவு. 1987-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் நியமனத்தில் செனட் நிராகரித்த ராபர்ட் போர்க் பேரில் ஒரு வினைச்சொல் வந்தது, அது இதற்குத் தம்பி.

அந்த மனுஷனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? 1881-இல் அமெரிக்காவுக்குப் போனபோது ‘சார்ல்ஸ் கன்னிங்ஹாம்’ என்று பேரைச் சுருக்கிக்கொண்டுதான் பயணம் செய்தார். அப்படியும் நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னால் சஃபோக் பகுதியில் இன்னொரு எஸ்டேட்டுக்கு ஏஜெண்டாக இருந்து, 1897-இல் செத்துப்போனார். குடியானவர்களுக்கோ 1881-ஆம் வருஷச் சட்டத்திலேயே குத்தகையை நிர்ணயிக்க நீதிமன்றம் கிடைத்தது, கேட்ட மூன்றும் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

சொல் புதுசு, காரியம் பழசு

பேர் 1880-இல் வந்தாலும் காரியம் அதற்கு முன்பே உண்டு. 1791-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்துக்குப் பிறகு, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று வீடு வீடாக விட்டார்கள். முன்னின்றவர்களில் பெண்கள் அதிகம். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாக அடிமை ஒழிப்பாளர் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அதைச் சொல்ல அவர்களிடம் ஒற்றைச் சொல் இல்லை, ‘தவிர்ப்பது’ என்றுதான் சொன்னார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரைக்காரர்கள் ஒரு பொருளை விலக்கினார்கள். மேயோக்காரர்கள் ஒரு ஆளை விலக்கினார்கள். மேயோவில் பிறந்த சொல், பின்னால் சர்க்கரை மாதிரி விஷயங்களுக்கும் சேர்த்துப் பேராகிவிட்டது. இப்போது பிஸ்கட்டை வாங்காமல் இருப்பதும் பாய்காட், பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தண்ணி தராமல் இருப்பதும் பாய்காட். இரண்டும் ஒன்றா?

நம் பக்கம் வந்த கதை

1905 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில், வங்கப் பிரிவினைக்கு எதிராக அந்நியப் பொருள் பாய்காட் தீர்மானம் போட்டார்கள். சுதேசியும் பாய்காட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நாடெங்கும் நடந்தன. தமிழில் அதைப் ‘பகிஷ்காரம்’ என்றார்கள். சமஸ்கிருதத்தில் ‘பஹிஸ்’ என்றால் வெளியே. வெளியே ஆக்குவது பகிஷ்காரம். 1928-இல் சைமன் கமிஷன் வந்தபோதும் இந்தச் சொல்தான் முழக்கம். பிற்காலத்தில் ‘புறக்கணிப்பு’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதிலும் ‘புறம்’ இருக்கிறது, அதற்கும் வெளி, முதுகு என்றுதான் பொருள்.

தூத்துக்குடியில் 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் வ.உ.சி.யின் இயக்கமும் உச்சத்தில் இருந்தபோது, வெள்ளைக்காரர் பக்கம் நின்றவர்களுக்கு முடிதிருத்துகிறவர்கள் சவரம் செய்ய மறுத்ததை வ.உ.சி. வரலாறுகள் சொல்கின்றன. பாதிச் சவரத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் போன கதையும் அதில் உண்டு. வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. மேயோ கொல்லரின் தூத்துக்குடிச் சகோதரர் அவர்.

ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒன்று உறைக்கும். சவரம் கிடையாது, துணி வெளுப்பு கிடையாது, கடைச் சாமான் கிடையாது, பேச்சு கிடையாது. இந்தப் பட்டியலை நமக்கு அயர்லாந்துக்காரன் சொல்லித்தரணுமா? ‘ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறது’ என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னது இதைத்தான். ஊர்விலக்கு, சாதி விலக்கு என்று பல பேர். கிணற்றில் தண்ணி எடுக்கக் கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, செத்தால் தூக்க ஆள் வரக் கூடாது. மீறிப் பேசினவனுக்கு அபராதம்.

காந்திக்கே இது நடந்திருக்கிறது. 1888-இல் படிக்க இங்கிலாந்து கிளம்பினபோது, கடல் தாண்டக் கூடாது என்று பம்பாயில் அவர் சாதிப் பெரியவர்கள் கூடி அவரைச் சாதியைவிட்டு விலக்கினார்கள். உதவி செய்கிறவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். முப்பது வருஷம் கழித்து ஒத்துழையாமை இயக்கத்தை நடத்தினபோது, எதிர்க்கருத்துக்காரனுக்குத் தண்ணி, மருத்துவம், அன்றாடச் சேவை இவற்றை மறுப்பது வன்முறைக்குச் சமம் என்று எழுதினார். தன் மேல் விழுந்த அடியின் நினைவும் அதில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

வெளியே ஆக்கப்பட்டவர்கள்

இந்தச் சொல்லின் மறுபக்கத்தை முழுசாகப் பார்த்தவர் அம்பேத்கர். 1924-இல் அவர் ஆரம்பித்த அமைப்பின் பேர் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா’. 1927-இல் ஆரம்பித்த பத்திரிகையின் பேர் ‘பகிஷ்கிருத பாரத்’. பகிஷ்காரம் செய்யப்பட்டவர்களின் பாரதம். தேசிய இயக்கம் வெள்ளைக்காரனுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்த அதே வேர்ச்சொல்லை, அவர் செயப்பாட்டு வினையாக்கி நெற்றியில் எழுதிக்கொண்டார்.

1928-இல் நடந்ததைப் பாருங்கள். காங்கிரஸ் சைமன் கமிஷனைப் பகிஷ்கரித்தது, அதில் ஒரு இந்தியர்கூட இல்லை என்பது நியாயமான காரணம். அம்பேத்கரோ அதே கமிஷன் முன்னால் போய்ச் சாட்சியம் சொன்னார், எழுத்து மூலமும் கொடுத்தார். கொடுத்தது எந்த அமைப்பின் பேரில்? பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் பேரில். பகிஷ்கரிப்பவர்கள் வெளியே நின்றார்கள், பகிஷ்கரிக்கப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். ஊரே எப்போதும் வெளியே வைத்திருக்கிற ஒருத்தனிடம், நீயும் வந்து வெளியே நில் என்று சொன்னால் அவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

அந்தச் சமயத்தில் பம்பாய் அரசாங்கம் அமைத்த ஸ்டார்ட் கமிட்டியிலும் அம்பேத்கர் உறுப்பினர். 1930-இல் வந்த அதன் அறிக்கை, தாழ்த்தப்பட்டோர் தங்கள் உரிமையைக் கேட்டால் மேல்சாதியார் கையில் எடுக்கிற ஆயுதங்களில் அடிதடியைவிடப் பயங்கரமானது சமூக பாய்காட் என்றது. காரணம் எளிமையானது. அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. கூலி, குத்தகை, கடைக்குப் போகிற பாதை, எல்லாமே எதிராளி கையில். அடித்தால் கேஸ் போடலாம். வேலை தர மாட்டேன், சாமான் விற்க மாட்டேன், என் வயல் வரப்பில் நடக்காதே என்றால் எந்தப் பிரிவில் கேஸ் போடுவது?

1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற வரைவில், சமூக பாய்காட்டைக் குற்றமாக்கணும் என்று அம்பேத்கர் ஷரத்துகள் எழுதினார். அந்த ஷரத்துகளை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? 1922-ஆம் வருஷத்து பர்மா பாய்காட் எதிர்ப்புச் சட்டத்திலிருந்து. பர்மாவில் தேசியவாதக் கிராமச் சங்கங்கள், சர்க்காரோடு ஒத்துப்போகிறவர்களை ஒதுக்கி வைத்தன. அதை அடக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. ஏகாதிபத்தியத்தைக் காப்பாற்ற எழுதின வாசகத்தைத் திருப்பி, சேரிக்காரனைக் காப்பாற்றப் பயன்படுத்தலாம் என்று அவர் பார்த்தார். இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த வரைவைப் படிக்கலாம்.

அந்தக் கோரிக்கை வெவ்வேறு வடிவில் மெதுவாகச் சட்டத்தில் ஏறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேல் சமூக, பொருளாதார பாய்காட் விதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிராவில் சமூக பாய்காட்டுக்கு எதிராகவே தனிச் சட்டம் 2016-இல் வந்தது. அது சாதிப் பஞ்சாயத்துகள் தங்கள் சாதிக்காரனையே விலக்குவதற்கும் பொருந்தும்.

இந்த உறுத்தல் நமக்கு மட்டும் இல்லை. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் கறுப்பின மக்கள் பஸ் பாய்காட் ஆரம்பித்தார்கள், 381 நாள் நடந்தது. அதைத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங், அந்தச் சொல்லே தன்னைத் தொந்தரவு செய்ததாகப் பிறகு எழுதினார். வெள்ளை இனவாத அமைப்புகளும் கறுப்பர்கள் மேல் பொருளாதார பாய்காட் என்ற அதே ஆயுதத்தைத்தான் பயன்படுத்தின. நாங்கள் செய்வது தீமையோடு ஒத்துழைக்க மறுப்பது என்று யோசித்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

எனக்குப் புரிந்தவரை

வினைச்சொல் ஒன்றுதான், இலக்கணமும் ஒன்றுதான். எழுவாயையும் செயப்படுபொருளையும் மாற்றிப் போட்டால் வாக்கியத்தின் நியாயம் தலைகீழாகிறது. ‘குடியானவர்கள் ஏஜெண்டை பாய்காட் செய்தார்கள்’ என்பதும், ‘ஊர் ஒரு கூலிக்காரன் குடும்பத்தை பாய்காட் செய்தது’ என்பதும் ஒரே மாதிரி வாக்கியங்கள். பாய்காட்டைக் காப்பாற்ற ஆயிரம் சிப்பாய் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின, நிதி திரண்டது, கடைசியில் கப்பல் ஏறிப் போக ஒரு இங்கிலாந்து இருந்தது. கூலிக்காரனுக்கு இதில் எது இருக்கிறது?

அதனால் இப்போதெல்லாம் பாய்காட் என்று செய்தி பார்த்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது காரணம் சரியா என்று இல்லை. காரணம் எல்லாருக்கும் இருக்கும், ஊர்விலக்கு வைக்கிற பஞ்சாயத்துக்கும் இருக்கும். விலக்குவது பொருளையா, ஆளையா? விலக்கப்பட்டவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா? விலகி நிற்பவர்கள் தானாக விலகினார்களா, இல்லை அபராதத்துக்குப் பயந்தா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், கையில் இருப்பது 1791-இன் சர்க்கரையா, நம்மூர்க் கிணற்றுத் தண்ணியா என்று ஓரளவு தெரிந்துவிடும். மேயோ கதை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. குடியானவர்கள் பக்கம்தான் என் மனசு. ஆனாலும் கொலை மிரட்டல் கடிதம் கையில் வந்த அந்தக் கொல்லரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் அதைச் சொல்ல முடிகிறது.